நோன்பு மாதத்துத் தோல், பெருநாளைக்குச் சீனித்தோல்

கீழக்கரையில் நோன்பு வந்துவிட்டால் அஸர் என்கிற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு எந்த வீட்டு அடுப்படிக்குள் போனாலும் இரண்டு வாசனை இருக்கும். ஒரு பக்கம் நோன்புக் கஞ்சி கொதிக்கும். இன்னொரு பக்கம் யாராவது உட்கார்ந்து சாத்துக்குடி பிழிந்துகொண்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் எட்டுப் பேர். ஒரு நாளைக்குப் பதினைந்து பழம் போகும். பிழிந்த தோல் அத்தனையும் குப்பை வாளியில் சேரும். பல வருடம் நானும் அப்படித்தான் கொட்டினேன். இப்போது ஒரு தோல்கூட வாசலைத் தாண்டுவதில்லை. அந்தத் தோல்தான் பெருநாள் காலையில் கண்ணாடித் தட்டில் சீனி பூத்து வந்து உட்காருகிறது. எங்கள் வீட்டில் அதற்குச் சீனித்தோல் என்று பெயர். பேக்கரிக்காரர்கள் பீல் என்பார்கள்.

இதன் ருசியை எனக்குக் காட்டியவர்கள் என் வாப்பா. கொழும்பில் ஒரு கடையில் கணக்கு எழுதினார்கள். ஊருக்கு வரும்போது ஒரு டப்பா ரிச் கேக் கொண்டுவருவார்கள். அதில் பூசணித் தோசி, இஞ்சித் தோசி (தோசி என்றால் சீனிப் பாகில் போட்டது), முந்திரி என்று எல்லாம் பொடிப்பொடியாக இருக்கும். நான் தேடித் தேடிப் பொறுக்கித் தின்றது அதிலிருந்த ஆரஞ்சுத் தோலைத்தான். முதலில் இனிக்கும், அப்புறம் லேசாகக் கசக்கும், கடைசியில் மூக்கு வரைக்கும் மணக்கும். கல்யாணமாகி நானே கேக் செய்ய ஆரம்பித்தபோது அது கிடைக்கும் என்று நம்பிக் கடையில் டூட்டி ஃப்ரூட்டி வாங்கிப் போட்டேன். இனிப்பு இருந்தது, மணம் இல்லை. அது பெரும்பாலும் பப்பாளிக்காயை நறுக்கிச் சாயம் ஏற்றிச் செய்வது என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் நானே செய்து பார்க்க இறங்கினேன்.

முதல் தடவை தோல் ரப்பர் மாதிரி ஆனது. இரண்டாவது தடவை சுருங்கிச் சுக்காய்ப் போனது. மூன்றாவது தடவை புளித்து நுரைத்தது. ஒவ்வொன்றுக்கும் காரணம் பிடிபட்ட பிறகு, இப்போது எட்டு வருடமாகத் தப்பாமல் வருகிறது. அந்தக் காரணங்களையும் சேர்த்தே சொல்கிறேன். அளவு மட்டும் தெரிந்தால் இது வராது.

எந்தத் தோல் நல்லது?

புதிதாகச் செய்கிறவர்கள் சாத்துக்குடியில் தொடங்குங்கள். பிழிந்த பழம் தேங்காய் மூடி மாதிரிப் பாதிப் பாதியாகக் கிடைக்கும், நறுக்குவது சுலபம். கமலா ஆரஞ்சின் தோல் மெலிசு. சீக்கிரம் வேகும், சீக்கிரம் குழைந்தும் போகும், கண் வைத்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் பழக்கடையில் கிடைக்கும் வெளிநாட்டு ஆரஞ்சுதான் எனக்குப் பிடித்தது. தோல் தடிமனும் உண்டு, மணமும் உண்டு. ஆனால் அதன் மேல் மெழுகு பூசியிருப்பார்கள். பிழிவதற்கு முன்பே வெதுவெதுப்பான தண்ணீரில் கல் உப்பு போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். எந்தப் பழமாக இருந்தாலும் கழுவுவது பிழிவதற்கு முன்னால்தான். பிழிந்த பிறகு கழுவினால் மேலே இருக்கும் மருந்தும் அழுக்கும் உள்ளே இறங்கும்.

பம்ப்ளிமாஸ் கிடைத்தால் விடாதீர்கள். அதன் வெள்ளைப் பகுதி ஒரு விரல் கனம் இருக்கும், பஞ்சு மாதிரிப் பாகைக் குடிக்கும். நாரத்தங்காய்க்குத் தனிக் கதை இருக்கிறது, பின்னால் வருகிறேன். எலுமிச்சை மட்டும் வேண்டாம். நம் ஊர் எலுமிச்சைத் தோலில் பாகு பிடிக்க வெள்ளையே இல்லை. அதை ஊறுகாய்க்கு விட்டுவிடுங்கள்.

அந்த வெள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை. கசப்பு என்று பயந்து பலர் அதைச் சுரண்டி எறிந்துவிடுகிறார்கள். அது பெரிய தப்பு. சீனி போய்த் தங்கும் இடமே அதுதான். வெள்ளையைச் சுரண்டினால் மிஞ்சுவது மணமுள்ள ஒரு காகிதம். பழத்தின் சுளையை ஒட்டியிருந்த சவ்வை மட்டும் கரண்டியின் பின்பக்கத்தால் வழித்து எடுங்கள், போதும். கசப்பை எடுக்க வேறு வழி இருக்கிறது.

அளவு சொல்லிவிடுகிறேன். சவ்வு எடுத்த தோல் அரைக் கிலோ. பத்துப் பன்னிரண்டு சாத்துக்குடி பிழிந்தால் கிடைத்துவிடும். சீனி ஒரு கிலோ, அதற்கு மேல் ஒரு கை. எலுமிச்சை பாதி. உப்பு ஒரு சிட்டிகை. தோலைச் சுண்டுவிரல் அகலத்துக்கு நீட்டு நீட்டாக நறுக்குங்கள். வெந்தால் கொஞ்சம் ஊதும், காய்ந்தால் கொஞ்சம் சுருங்கும், கடைசியில் கணக்கு சரியாகிவிடும். ஒரே நாளில் இவ்வளவு தோல் சேராவிட்டால் டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். உறைந்த தோல் இன்னும் நன்றாகவே மெத்தென்று வேகும்.

தண்ணீர்

எங்கள் பக்கத்து வீடுகளில் கிணற்றிலும் போரிலும் வருவது உப்புத் தண்ணீர். குளிக்கவும் துவைக்கவும் அதுதான். எனக்கு முதல் தடவை தோல் ரப்பராகப் போனதற்கு அந்தத் தண்ணீர்தான் காரணம். ஒரு மணி நேரம் கொதித்தும் தோல் மசியவில்லை. தோலின் வெள்ளையில் பெக்டின் என்று ஒன்று இருக்கிறது. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கூடுதலாக இருந்தால் அது பெக்டினோடு சேர்ந்து தோலை இறுக்கிவிடும். பூசணிக்காய் மிட்டாய்க்குக் காயைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைப்பார்களே, அது இதற்காகத்தான், கரையாமல் கடிபட இருக்க வேண்டும் என்று. நமக்கு வேண்டியது நேர்மாறு. அதனால் கழுவ மட்டும் கிணற்றுத் தண்ணீர். வேகவைப்பதற்கும் பாகுக்கும் காவிரித் தண்ணீர், இல்லாவிட்டால் கேன் தண்ணீர். குடிக்கிற தண்ணீரை இப்படிக் கொட்டுகிறோமே என்று இந்த ஊரில் யாருக்கும் மனசு வராது. எனக்கும் வராது. வேகவைத்து வடிக்கும் தண்ணீரை ஆறவைத்துக் கழிப்பறைக்கோ முற்றம் கழுவவோ எடுத்துக்கொள்கிறேன்.

கசப்பை எடுப்பதும் வேகவைப்பதும்

பாத்திரம் அடி கனமான எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியமும் இரும்பும் வேண்டாம், பழப் புளிப்பு அதைத் தின்னும். ஈயம் பூசாத பித்தளையும் ஆகாது.

தோலைப் போட்டு, அது மிதக்கும் அளவுக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வையுங்கள். கொதி வந்ததும் ஐந்து நிமிடம். வடித்துவிட்டுப் புதிதாகப் பச்சைத் தண்ணீர் ஊற்றி மறுபடியும் அதே மாதிரி. கமலா ஆரஞ்சுக்கு இரண்டு தடவை, சாத்துக்குடிக்கு மூன்று, வெளிநாட்டு ஆரஞ்சுக்கும் மூன்று. பம்ப்ளிமாசுக்கு ஒரு ராத்திரி உப்புப் போட்ட நல்ல தண்ணீரில் ஊறவைத்து, அப்புறம் நான்கு தடவை. பம்ப்ளிமாசின் கசப்புக்கு நரிஞ்சின் என்ற பொருள் காரணம். அது சுடுதண்ணீரில் நன்றாகக் கரைகிறது. வடித்த தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், புரியும்.

எத்தனை தடவை என்பதைக் கடைசியில் உங்கள் நாக்குதான் முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது கொதிக்குப் பிறகு ஒரு துண்டை மென்று பாருங்கள். முகம் சுளித்தால் இன்னொரு தடவை. லேசாகக் கசந்தால் நிறுத்திவிடுங்கள். முழுக்கக் கசப்பை எடுத்துவிட்டால் மணமும் கூடவே போய்விடும், வெறும் சீனிக்கட்டிதான் மிஞ்சும். நோன்போடு இருக்கும்போது எதை மென்று பார்ப்பது? அதனால்தான் நான் இந்த வேலை முழுவதையும் ராத்திரிக்கு வைத்துக்கொண்டேன். தராவீஹ் என்கிற நோன்பு ராத்திரித் தொழுகை முடிந்து, பாத்திரமெல்லாம் கழுவி, வீடு கொஞ்சம் அடங்கும் அந்த நேரம். பிறகுதான் தெரிந்தது, சீனித்தோலுக்கும் அதுதான் சரியான முறை. ஒரே நாளில் ஐந்து மணி நேரம் நிற்பதைவிட, ஏழு ராத்திரிக்கு ராத்திரி கொஞ்ச நேரம் கொடுத்தால் நன்றாக வருகிறது.

கசப்பு சரியானதும் கடைசியாக ஊற்றிய தண்ணீரிலேயே மூடி போட்டு மெல்லிய தீயில் வேகவிடுங்கள். சாத்துக்குடிக்கு இருபது நிமிடம் ஆகலாம், தடித்த தோலுக்கு நாற்பது. கடிகாரத்தை நம்ப வேண்டாம். ஒரு தென்னை ஈர்க்குச்சியை எடுத்துத் தோலின் மேல் வைத்தால், நீங்கள் அழுத்தாமலே இறங்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அமுக்கினால் மசிய வேண்டும், ஆனால் பிய்ந்து வரக் கூடாது.

இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் அவசரப்படுகிறார்கள். பாகில் வேகத்தானே போகிறது என்று நினைத்து அரைவேக்காட்டில் எடுத்துவிடுகிறார்கள். வேகவே வேகாது. பொங்கலுக்கு அரிசி குழைவதற்கு முன்னால் வெல்லம் போட்டால் என்ன ஆகிறது? அப்புறம் எவ்வளவு கொதித்தாலும் அரிசி அப்படியே நிற்கும். தோலும் அதே குணம்தான். சீனியைப் பார்த்த நிமிடத்தில் எந்த அளவு வெந்திருக்கிறதோ, கடைசி வரை அதே அளவுதான். குக்கர் வைக்கலாமா என்று கேட்பார்கள். நாரத்தங்காய்க்கும் பம்ப்ளிமாசுக்கும் ஒரே ஒரு விசில் வைக்கலாம். ஆரஞ்சுக்கு வேண்டாம், கூழாகிவிடும்.

வெந்த தோலை வடிதட்டில் ஒரு மணி நேரம் போட்டு, பிறகு சுத்தமான துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

பாகு ஏறும் ராத்திரிகள்

தோலுக்குள் இருப்பது தண்ணீர், வெளியே இருப்பது பாகு. தண்ணீர் வெளியே வர வேண்டும், அந்த இடத்துக்குச் சீனி உள்ளே போக வேண்டும். தண்ணீர் ஓடி வந்துவிடும், சீனி மெதுவாகத்தான் நடந்து போகும். எடுத்த எடுப்பில் கெட்டிப் பாகில் போட்டால் தண்ணீர் முழுக்க ஒரே மூச்சில் வெளியே வந்து, சீனி போய்ச் சேர்வதற்குள் தோல் சுருங்கி வாசலை அடைத்துக்கொள்ளும். என் இரண்டாவது தடவைத் தோல் சுக்கானது இப்படித்தான். அதனால் பாகு தண்ணீராகத் தொடங்கி, நாளுக்கு நாள் கெட்டியாக வேண்டும்.

முதல் ராத்திரி: அரைக் கிலோ சீனி, அரை லிட்டர் தண்ணீர், சிட்டிகை உப்பு. சீனி கரைந்து கொதித்ததும் தோலைப் போட்டு, சின்னத் தீயில் பத்து நிமிடம். அடுப்பை அணைத்து, தோல் மிதக்காமல் இருக்க மேலே ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். மிதக்கிற தோல் ஒரு பக்கம்தான் பாகு குடிக்கும். ஆறிய பிறகு மெல்லிய துணியால் மூடி, ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் பாத்திரத்தை வைத்துவிடுங்கள். எறும்பு கிட்டே வராது.

மறுநாள் பார்த்தால் பாகு முன்பைவிடத் தண்ணீராக இருக்கும். பயப்பட வேண்டாம். தோலிலிருந்து வந்த தண்ணீர் அது, வேலை நடக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது ராத்திரிகளில், ராத்திரிக்கு 150 கிராம் சீனி சேருங்கள். ஒரு சின்ன டம்ளருக்குக் கொஞ்சம் கூட வரும். தோலைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, பாகில் சீனியைப் போட்டுக் கொதிக்கவிட்டு, தோலை மறுபடி உள்ளே விட்டு ஐந்து நிமிடம். அணைத்துவிட்டுப் படுக்கப் போகலாம். ஐந்தாவது ராத்திரி 100 கிராம் சீனியும் பாதி எலுமிச்சையின் சாறும். எலுமிச்சை எதற்கென்றால், அதன் புளிப்பில் சீனியில் ஒரு பங்கு உடைந்து, பாகு பூத்துக் கற்கண்டாக இறுகாமல் பார்த்துக்கொள்ளும்.

கவனம் முழுக்க வேண்டியது முதல் இரண்டு நாள்தான். இந்தக் கடற்கரை வெயிலில் தண்ணீர்ப் பாகு ஒரு பகலைத் தாங்குவதே கஷ்டம். காற்றில் இருக்கும் ஈஸ்ட் வந்து குடியேறினால் புளிக்கும். அதனால் அந்த இரண்டு நாளும் ஸஹருக்கு (விடியும் முன் நோன்பு வைக்கச் சாப்பிடுவதற்கு) எழுந்திருக்கும்போது, சோறு சூடாகும் நேரத்தில் பக்கத்து அடுப்பில் இதையும் ஒரு கொதி காட்டி இறக்கிவிடுவேன். நோன்பு இல்லாத மாதத்தில் செய்கிறவர்கள் காலைத் தேநீர் போடும்போது செய்துகொள்ளலாம். ஒரு வருடம் இரண்டாவது நாளில் மாமிக்கு உடம்பு முடியாமல் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டோம். மூன்றாம் நாள் திரும்பி வந்து மூடியைத் திறந்தால் நுரை, கள் வாடை. அத்தனையும் கொட்ட வேண்டியதாகிவிட்டது. இனி வெளியே போக வேண்டி வந்தால், பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். தொடர்ந்து செய்வதில் ஒன்றும் கெடாது. பாகு கெட்டியாகிவிட்டால் அப்புறம் இந்தப் பயம் குறையும். நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு சீனி ஏறிவிட்ட பாகில் பெரும்பாலான கிருமிகளால் வளர முடியாது.

ஆறாவது ராத்திரி சும்மா விட்டுவிடுவேன். ஏழாவது ராத்திரிதான் பதம். தோலோடு சேர்த்தே சின்னத் தீயில் வையுங்கள், அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும். கிண்ட வேண்டாம், பாத்திரத்தைப் பிடித்து மெல்ல அசைத்தால் போதும். முதலில் பொடிநுரையாக வரும். பிறகு குமிழி பெரிதாகி, கண்ணாடி மாதிரி மெதுவாக எழும்பி உடையும். தோலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளைப் பகுதி வெள்ளையாக இருக்கக் கூடாது, உள்ளே விளக்கு வைத்த மாதிரித் தெரிய வேண்டும். பாகு ஒற்றைக் கம்பியைத் தாண்டிக் கொஞ்சம் இறுக்கமாக நின்றால் இறக்கிவிடுங்கள். வெப்பமானி இருக்கிறவர்களுக்கு 105, 106 டிகிரி. அதிரசத்துக்கு எடுக்கும் பதம் வரை விட்டுவிட்டால் காய்ந்ததும் பல்லை உடைக்கும்.

இந்தச் சூட்டில் குழந்தைகளை அடுப்படிக்குள் விடாதீர்கள். கொதிக்கும் தண்ணீர் பட்டால் வழிந்துவிடும், பாகு ஒட்டிக்கொண்டு எரிக்கும். பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள், பற்பசை எதுவும் தடவாதீர்கள்.

கடல் காற்றில் காயவைப்பது

அரை மணி ஆறிய பிறகு முள்கரண்டியால் ஒவ்வொரு துண்டாக எடுத்து, சொட்டவிட்டு, இடியாப்பத் தட்டில் அடுக்குகிறேன். எங்கள் வீடுகளில் இடியாப்பத் தட்டுக்குப் பஞ்சமில்லை. ஓட்டை வழியாக மிச்சப் பாகு இறங்கிவிடும். கீழே ஒரு தாம்பாளம் வைத்தால் வீணாகாது. பனை ஓலைப் பெட்டியிலும் சுளகிலும் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒட்டிக்கொண்டு ஓலையோடு பிய்ந்து வருகிறது, வேண்டாம்.

கடலை விட்டுத் தள்ளி இருப்பவர்களுக்கு ஒரு ஃபேனும் ஒரு ராத்திரியும் போதும் என்று படித்துவிட்டுத்தான் நானும் முதலில் செய்தேன். கடலை ஒட்டி இருக்கிறவர்களுக்கு அது போதாது. எங்கள் மாடியில் ராத்திரி காயப்போட்ட துணியே காலையில் பிசுபிசுக்கும். சீனிக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் குணம் வேறு. அதனால் காய்வதற்கு நேரம் பார்க்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு மேல், மொட்டை மாடியில், தட்டுகளின் மேல் பழைய மல் துணியை விரித்துக் கட்டி வைப்பேன். அஸர் பாங்குக்கு முன்னால் கீழே வந்துவிட வேண்டும். இறக்கியதும் பெரிய டப்பாவில் மூடி வைத்துவிட்டு, மறுநாள் காலை மறுபடி மாடி. இரண்டு நாள் போதும், தடித்த தோலுக்கு மூன்று நாள். தொட்டால் ஒட்டுகிற மாதிரி இருக்க வேண்டும், ஆனால் விரலில் பாகு வரக் கூடாது. வளைத்தால் வளைய வேண்டும், உடையக் கூடாது.

மாடியில் பக்கத்து வீட்டார் கருவாடு காயப்போட்டிருந்தால் அன்றைக்கு ஏற்றவே வேண்டாம். எவ்வளவு தள்ளி வைத்தாலும் அந்த வாடையைச் சீனித்தோல் வாங்கிக்கொள்ளும், அப்புறம் எதைச் செய்தும் போகாது.

மாதத்தையும் பார்க்க வேண்டும். 2025-ல் மார்ச் முழுக்க நோன்பாக இருந்தது, 2026-ல் பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. இந்தக் கரைக்கு அது நல்ல காலம். மழை ஓய்ந்து, வாடைக் காற்றும் அடங்கி, வெயில் ஏற ஆரம்பிக்கும் நேரம், கடைகளில் ஆரஞ்சும் இருக்கும். ஆனால் நோன்பு வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகிறது. 2030-ல் ஜனவரியில் ஒரு நோன்பும் டிசம்பர் கடைசியில் இன்னொரு நோன்பும் தொடங்கும். அதற்குப் பிறகு சில வருடம் ஐப்பசி, கார்த்திகை மழைக்குள்தான் நோன்பு. அந்த மாதங்களில் காயவைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். பதம் வந்த தோலைப் பாகோடு சூடாகவே கண்ணாடிப் பாட்டிலில் நிரப்பி, தோல் பாகுக்குள் முங்கி இருக்கும்படி மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். தை பிறந்து வெயில் வந்ததும் எடுத்துக் காயவைக்கலாம். இரண்டு மாதம் பாகிலேயே கிடந்த தோல் இன்னும் மெத்தென்று இருக்கும். மழைக்காலத்தில் அவசரமாகச் சீனி புரட்டி வைத்த ஒரு தட்டு, விருந்தாளிகள் வருவதற்குள் அழுது வடிந்து குளமாக நின்றதை ஒரு தடவை பார்த்தேன், அதற்குப் பிறகு முயற்சி செய்யவே இல்லை.

காய்ந்த பிறகு சீனி புரட்டுவது. சீனியை மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விடுங்கள், மாவாகக் கூடாது, பொடிக்கல்லாக இருக்க வேண்டும். துண்டுகளை அதில் போட்டுக் குலுக்கி, இன்னொரு மணி நேரம் பரப்பி வைத்துவிட்டு எடுத்து வையுங்கள். கேக்குக்கும் பாயசத்துக்கும் போடுகிற பங்குக்குச் சீனி புரட்ட வேண்டியதில்லை.

நாரத்தங்காயும் கருப்பட்டியும்

நாரத்தங்காய்க்கு நம் ஊரில் உப்புதான் வழக்கம். சுருள் சுருளாக வெட்டி உப்பு அடைத்துக் காயவைப்போம். கோர்சிகா, இத்தாலி பக்கத்தில் நாரத்தை இனத்துப் பெரிய பழத்தைச் சீனிப் பாகில் போடுவது பழைய தொழில். அவர்களும் முதலில் கடல் தண்ணீரிலோ உப்புத் தண்ணீரிலோ வாரக்கணக்கில் ஊறவைத்துத்தான் பாகுக்கு எடுப்பார்கள். உப்பு கசப்பை இழுத்து, தோலையும் பதப்படுத்துகிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு நானும் நாரத்தங்காயை நான்காகப் பிளந்து, சுளையை எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஐம்பது கிராம் கல் உப்பு போட்டு இரண்டு ராத்திரி ஃப்ரிட்ஜில் ஊறவைக்கிறேன். பிறகு உப்பு போகும் வரை நான்கு தடவை தண்ணீர் மாற்றிக் கொதி. துபாயில் இருக்கும் என் காக்கா, அதாவது அண்ணன், சொல்வார்கள், அங்கே கசப்பு ஆரஞ்சுக்கு நாரஞ் என்று பேர், தித்திப்பு ஆரஞ்சுக்கு போர்த்துகல் நாட்டுப் பேரை வைத்து புர்துகால் என்று பேர் என்று. நாரஞ் என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு நம் நாரத்தைதான் ஞாபகம் வரும்.

நாரத்தங்காய்க்கு மட்டும் நான் பாதிச் சீனிக்குப் பதிலாகச் சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி போடுகிறேன். அதன் கசப்புக்கும் கருப்பட்டியின் கருகல் மணத்துக்கும் அவ்வளவு பொருத்தம். கருப்பட்டியைத் தட்டித் தண்ணீரில் கரைத்து, மண்ணும் தூசியும் போகத் துணியில் இரண்டு தடவை வடிகட்டிய பிறகே சேர்க்க வேண்டும். ஆனால் இது காயாது. கருப்பட்டி எப்போதும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் பாகோடு பாட்டிலில் வைத்து, இஞ்சி மொரப்பா மாதிரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு துண்டு எடுத்துக்கொள்வோம். ஆரஞ்சுக்குக் கருப்பட்டி வேண்டாம், ஆரஞ்சு மணமே தெரியாமல் போய்விடும். பனங்கற்கண்டு என்றால் ஆரஞ்சுக்கும் ஒத்துப்போகிறது, விலைதான் தாங்காது.

மிச்சப் பாகும் பார்சலும்

கடைசியில் நாலைந்து கரண்டிப் பாகு மிஞ்சும். இதைக் கொட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், மனசு கேட்காது. பழத்தோலின் எண்ணெய் முழுக்க அதில்தான் இறங்கியிருக்கிறது. வடிகட்டிப் பாட்டிலில் வைத்தால், மறுநாள் நோன்பு திறக்கும்போது ஒரு கரண்டிப் பாகு, எலுமிச்சை, ஊறவைத்த சப்ஜா விதை, குளிர்ந்த தண்ணீர். அவ்வளவுதான், சர்பத் தயார். பால் இல்லாத தேநீரில் சீனிக்குப் பதிலாகவும் விடலாம். அடுத்த தடவைப் பாகுக்கும் அதையே முதல் ராத்திரிச் சீனியோடு சேர்த்துக்கொள்ளலாம், ஒரு முறைக்கு மேல் வேண்டாம்.

காய்ந்த சீனித்தோலை ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில், அடுக்குக்கு அடுக்கு பட்டர் பேப்பர் வைத்து மூடினால் வெளியிலேயே இரண்டு மாதம் இருக்கும், ஃப்ரிட்ஜில் ஆறு மாதம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் பாட்டில் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துவிடும்.

துபாய்க்கு அனுப்பும் பங்கைச் சீனி புரட்டி, இரண்டு கவரில் போட்டுக் காற்றில்லாமல் ஒட்டி, கேக் டப்பாவுக்குள் வைக்கிறேன். அங்கே ஏசியில் திறந்து வைத்தால் இரண்டே நாளில் இறுகிவிடுகிறதாம். இறுகிய துண்டை இட்லிப் பாத்திர ஆவியில் ஒரு நிமிடம் காட்டினால் பழையபடி வளைகிறது என்று காக்கா மனைவி போன வருடம் கண்டுபிடித்துச் சொன்னார்கள். நானும் இங்கே செய்து பார்த்தேன், சரியாக வருகிறது.